சிப்பியும் வெந்நீரும்

நேப்பிள்ஸுக்கு மேற்கே, பொஸ்வோலி வளைகுடாவின் ஓரத்தில் இருந்தது பாயே. ரோமாபுரிச் செல்வந்தர்களின் உல்லாசக் கடற்கரை. ஜூலியஸ் சீசருக்கு அங்கே மாளிகை இருந்தது, நீரோவுக்கும் இருந்தது. பேரரசர் ஹேட்ரியன் கி.பி. 138-இல் கண்மூடியதும் அங்கேதான். தத்துவஞானி செனகா வந்தார். குடியும் படகுக் கூத்தும் பிடிக்காமல் மறுநாளே கிளம்பிவிட்டார்.

இத்தனை பேரை இழுத்தது மண்ணுக்கடியில் கனன்ற நெருப்பு. எரிமலைப் பூமியில் கந்தக வெந்நீர் ஊறியது. அதைச் சுற்றிக் குளியல் கூடங்கள் எழுந்தன. எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு குழைத்தால் கடல்நீரிலும் இறுகும் காரை கிடைத்தது. 21 மீட்டருக்கு மேல் அகலமுள்ள கான்கிரீட் குவிமாடம் ஒன்று இன்றும் நிற்கிறது, ரோமின் பாந்தியன் கோயிலுக்கும் மூத்தது. 'மெர்க்குரி கோயில்' என்பார்கள். உண்மையில் அது குளிக்கும் இடம்.

சாப்பாட்டுக் கதை இன்னும் சுவையானது. கி.மு. 100-ஐ ஒட்டி செர்ஜியஸ் ஓராட்டா என்பவர் பாயேயில் சிப்பிப் பண்ணை போட்டார். நாக்கு ருசிக்காக அல்ல, காசுக்காக என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. பக்கத்து லூக்ரின் ஏரி குறித்து வழக்கு வந்தபோது, ஏரியை விட்டுத் துரத்தினால் இவர் கூரை ஓட்டிலும் சிப்பி வளர்ப்பார் என்று கிண்டலடித்தார் வழக்கறிஞர் கிராசஸ். அபிசியஸ் பெயரில் வழங்கும் சமையல் நூலில் சிப்பிக்கான குழம்பு மிளகில்தான் தொடங்குகிறது. சேரநாட்டு முசிறியில் கப்பலேறிய மிளகு எகிப்து வழியாக இத்தாலிக்குப் போன காலம் அது. அலெக்சாண்ட்ரியாவிலிருந்து வந்த கப்பல்கள் பாயேவுக்கு எதிரே, இன்றைய பொஸ்வோலியில்தான் சரக்கிறக்கின.

வாழவைத்த நெருப்பே ஊரை மூழ்கடித்தது. அங்கே நிலம் மெல்ல இறங்கும், மெல்ல ஏறும். பொஸ்வோலியின் பழைய சந்தைத் தூண்களில், இன்றைய கடல்மட்டத்துக்கு மிக உயரே, கடல்வாழ் சிப்பிகள் துளைத்த வடுக்கள் தெரிகின்றன. அவ்வளவு ஆழத்துக்கு அந்த நிலம் தாழ்ந்து மீண்டிருக்கிறது. 1538-இல் ஒரே வாரத்தில் புதிய மலை ஒன்று முளைத்து லூக்ரின் ஏரியின் பெரும்பகுதியை மூடியது. 1982-க்கும் 1984-க்கும் இடையே பொஸ்வோலி ஏறத்தாழ 1.8 மீட்டர் உயர்ந்தது.

பாயேயின் கரையோர மாளிகைகள் மட்டும் நீருக்கடியிலேயே கிடக்கின்றன. 2002 முதல் அந்தக் கடற்பகுதி பாதுகாக்கப்பட்ட தொல்லியல் பூங்கா. முக்குளிப்பவர்கள் மொசைக் தரையின் மேல் நீந்துகிறார்கள். மற்றவர்களுக்குக் கண்ணாடி அடித்தளப் படகு உண்டு. பேரரசர் கிளாடியஸ் விருந்துண்ட கூடத்தின் சிலைகள் மேட்டிலுள்ள கோட்டை அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டன, நகல்களே கடலுக்குள் நிற்கின்றன. உணவகங்களில் இப்போது பேர்போனது கறுத்த ஓடுள்ள மட்டி. அதை ஓட்டோடு வேகவைத்து, கறுப்பு மிளகை அள்ளித் தூவித் தருகிறார்கள்.