இராஜகல மலைக்கு மாணவரோடு



மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழும் நமக்கு மலை என்பது மேற்கே தொலைவில் நீலமாய்த் தோன்றும் ஒரு கோடு. அமிர்தகழியில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குக் கூடும் பிள்ளைகள் மணலையும் நீரையும் நன்கு அறிவர். கல்லை அறியும் வாய்ப்பு அவர்களுக்குக் குறைவு. பண்டைய வரலாறோ பெரும்பாலும் கல்லிலேயே எழுதப்பட்டுள்ளது. ஆதலின், மேல்வகுப்பு மாணவரை ஒருமுறையேனும் பழைய மலையொன்றுக்கு அழைத்துச் செல்லுதல் ஆசிரியர் கடன் என்பேன். அதற்கு ஏற்ற இடம் அம்பாறை மாவட்டத்திலுள்ள இராஜகல மலை.

அம்பாறையிலிருந்து உகனை வழியாக மகாஓயா செல்லும் வீதியில், ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தொலைவில் இம்மலை இருக்கின்றது. நம்மவர் கல்முனை, அம்பாறை வழியாகவும் போகலாம். செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் மகாஓயா சென்று திரும்பியும் போகலாம். மலையின் உயரம் ஏறத்தாழ 1,000 அடி. ஏறி இறங்கிப் பார்க்க ஒரு பகற்பொழுது போதும்.

எனினும், திட்டமின்றிப் புறப்படலாகாது. வாடைக்காற்று மழை கொட்டும் கார்த்திகை, மார்கழி மாதங்களை விலக்குக. மழை ஓய்ந்தபின் வரும் மாசி, பங்குனி ஏற்றவை. வெயில் ஏறுமுன் மலையடியை அடைதல் வேண்டும். காட்டு யானைகள் நடமாடும் பகுதியாகையால், இடமறிந்த வழிகாட்டி முன்னே செல்ல, ஓர் ஆசிரியர் கடைசியில் வர, பிள்ளைகள் நடுவே ஒன்றாகச் செல்லுதல் முறை. பொழுது சாயுமுன் இறங்கிவிட வேண்டும். குடிநீரை ஒவ்வொருவரும் தாமே சுமக்கட்டும். தொல்பொருள் திணைக்களத்தாரோடு முன்னரே தொடர்பு கொள்வதும் அவசியம்.

இவை யாவும் காலுக்குரிய ஆயத்தம். கண்ணுக்குரிய ஆயத்தம் வகுப்பறையில் நிகழ வேண்டும். என்ன பார்க்கப் போகின்றோம் என்பதை அறியாமல் ஏறுபவனுக்கு அங்கே உடைந்த தூண்களும் புதர்களுமே தென்படும்.

இராஜகல ஒரு பழைய பௌத்தத் துறவியர் உறைவிடம். கி. மு. 137 முதல் 119 வரை ஆண்ட சத்தாதிஸ்ஸ மன்னனோடு இதனைத் தொடர்புபடுத்துவர். குகைகள், தூபிகள், குளங்கள், கற்படிகள், பெரிய கற்பாத்திரம் எனச் சிதைவுகள் காட்டுக்குள் பரந்து கிடக்கின்றன. அங்குள்ள பிராமிக் கல்வெட்டொன்று, இத்தீவுக்கு வந்த மகிந்த தேரர், இட்டிய தேரர் ஆகியோரின் தூபி இதுவெனக் கூறுகின்றது. நூல்வழி மட்டுமே அறிந்த மகிந்தரின் பெயரைக் கல்லிலேயே காட்டுவதால், இச்சிறு கல்வெட்டு இலங்கை வரலாற்றில் பெருமதிப்புப் பெற்றது.

அக்குகைகளின் நெற்றியைப் பிள்ளைகள் உற்றுநோக்கட்டும். மழைநீர் உள்ளே வழியாதபடி பாறையில் காடி வெட்டியிருப்பர். மதுரைக்கு அண்மையிலுள்ள மாங்குளத்திலும் இத்தகைய குகைகள் உண்டு. அங்கே தமிழ்ப் பிராமியில், நெடுஞ்செழியன் காலத்தில் நந்தன் என்னும் சமணத் துறவிக்கு அளித்த கொடை எழுதப்பட்டுள்ளது. மதம் வேறு, மொழி வேறு; துறவிக்குக் குகை அளித்துக் கல்லிலே பெயர் பொறிக்கும் வழக்கமோ ஒன்று. எழுத்தும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது.

மலையேறும் மாணவர்களில் ஒருவன் கட்டாயம் கேட்பான்: “ஐயா, இது எங்களுடையதா, அவர்களுடையதா?” இக்கேள்விக்கு ஆசிரியர் ஆயத்தமாயிருக்க வேண்டும். பிறருடையதெனப் புறக்கணிப்பதும் தவறு. நம்முடையதெனச் சான்றின்றிப் பறித்துக்கொள்வதும் தவறு. வவுனியாவை அடுத்த பெரியபுளியங்குளத்தில், விசாகன் என்னும் தமிழ் வணிகன் துறவியருக்குக் குகையளித்த செய்தி பிராமிக் கல்வெட்டில் இருக்கின்றது. “தமெட” என்ற சொல்லாலே அவன் தமிழன் என அறிகின்றோம். அவன் பௌத்தருக்குக் கொடுத்தான். கொடுத்தபோது தமிழனாகவே நின்றான். இக்காலத்து வேலிகளை அக்காலத்து மண்ணில் நட்டுப் பார்த்தால், விசாகன் நமக்கு விளங்கவே மாட்டான். இராஜகலவை அங்குள்ள கல் சொல்வதுபோலவே பௌத்தத் தலமாக மாணவர் அறியட்டும். நெடுங்காலம் அயலில் வாழ்ந்த மக்களின் கதையையும் அதனோடு சேர்த்து அறியட்டும்.

போர் நிகழ்ந்த 1983 முதல் 2009 வரையான காலத்தில் இத்தகைய பயணங்கள் நம் பிள்ளைகளுக்கு எளிதில் வாய்க்கவில்லை. ஒரு தலைமுறை தன் மாவட்டத்துக்கு அப்பாலுள்ள மலையைப் பாராமலே வளர்ந்தது. ஒருவரையொருவர் அறியாமையால் விளைந்த ஐயங்கள் எத்தனையோ! இன்று வழி திறந்திருக்கின்றது. அண்மைக்காலத்தில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தார் அங்கே ஆய்வும் நடத்தியுள்ளனர்.

இறுதியாக ஒரு சொல். பாறையில் பெயர் கீறுதல், ஓட்டுத்துண்டு ஒன்றையேனும் எடுத்துவருதல் ஆகியவை 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி குற்றமாகக்கூடும். சட்டத்துக்கு அஞ்சி மட்டும் இதனைத் தவிர்த்தல் போதாது. ஒரு கல் தன்னிடத்தில் கிடந்தால்தான் சாட்சி சொல்லும். பெயர்த்தெடுத்தால் அது ஊமையாகிவிடும். மாணவர் கொண்டுவர வேண்டியவை ஒரு குறிப்பேடும் அதில் தாமே வரைந்த ஒரு படமும். வீட்டுக்குத் திரும்பிய பிள்ளை, தான் கண்டதைத் தாய்தந்தையர்க்கு ஒளிமறைவின்றி எடுத்துரைக்குமாயின், பயணம் பயன் தந்தது எனலாம்.