ஆரி ஊசியின் தடம்: பூத்தையல் வரலாற்றைக் கருவிவழி வாசித்தல்

நாகரிக உடைகளின் வரலாறு பெரும்பாலும் அரசவைகளையும் பாரிஸ் ஆடையகங்களையும் சுற்றியே எழுதப்படுகிறது. உடையைத் தைத்து முடித்தபின் மேலே சேர்க்கும் அழகு என்ற அளவில் பூத்தையல் அதில் ஒதுங்கிவிடுகிறது. கொக்கி முனை கொண்ட ஆரி ஊசியைப் பின்தொடர்ந்தால், அலங்காரமே தையல் தொழிலுக்கு வழிகாட்டியது விளங்கும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கட்ச், சௌராஷ்டிரப் பகுதிகளின் மோச்சி சமூகத்தார் தோல் தைக்கும் கொக்கி ஊசியை நுண்மையாக்கித் துணிக்குக் கொண்டுவந்தனர். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணிக்கு அடியில் இடக்கை நூலைப் பிடித்திருக்கும். வலக்கை மேலிருந்து குத்தி, நூலைக் கொக்கியில் மாட்டிக் கண்ணியாக மேலே இழுக்கும். அடுத்த குத்து அந்தக் கண்ணிக்குள்ளேயே இறங்கும். இப்படி வளர்வதே சங்கிலித் தையல்.

சங்கிலித் தையல் சீனத்திலும் தொன்மையானதாயிற்றே, ஆரிக்கு ஏன் தனிச்சிறப்பு என்று கேட்கலாம். சாதாரண ஊசியில் ஒவ்வொரு தையலுக்கும் நூலின் முழு நீளத்தையும் துணியினூடே இழுத்தாக வேண்டும். ஆரியில் ஒரு கண்ணி மட்டுமே மேலேறுகிறது. முடிந்த தையல் இரண்டிலும் ஒன்றுபோலத் தோன்றினாலும், அதற்குச் செலவான உழைப்பு வேறு. இந்த விரைவால் பெரும் பரப்புகளையும் பூவும் கொடியுமாக நிரப்ப முடிந்தது. 1700ஐ ஒட்டி மேலைச் சந்தைக்காகக் குஜராத்தில் தைக்கப்பட்ட ஆஷ்பர்ன்ஹாம் திரைச்சீலைகள் இதற்குச் சான்று.

18ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சில் கொக்கித் தையல் 'தாம்பூர்' என்ற பெயரில் மோகமாயிற்று. வட்டச் சட்டத்தில் துணி பறைத்தோல்போல் இறுகி நிற்பதால் பறையைக் குறிக்கும் சொல்லே பெயரானது. 1763–64இல் துருவே தீட்டிய ஓவியத்தில் பிரெஞ்சு அரசவைச் சீமாட்டி மதாம் தெ பொம்பதூர் தாம்பூர் சட்டத்தின்முன் அமர்ந்திருக்கிறார். பூத்தையல் கலை பற்றி 1770இல் வெளியான சேந்தோபேனின் நூலும் இம்முறையை விளக்குகிறது.

இவ்வாதத்தின் வலுவான சான்று 1830இல் கிடைக்கிறது. பார்த்தெலெமி திமோனியே அவ்வாண்டு காப்புரிமை பெற்ற தையல் இயந்திரம், கொக்கி ஊசியால் சங்கிலித் தையலையே இட்டது. துணிகளை இணைக்கும் பொறி, பூவேலைக்காரரின் கையசைவைக் கற்றே பிறந்திருக்கிறது. பின்னர் பிரான்சின் லூனேவில் நகரில் அதே கொக்கி மணிகளையும் ஜிகினாக்களையும் கோக்கப் பழகியது. 1920களின் மணி பதித்த மாலைநேர உடைகள் அத்திறனுக்குக் கடன்பட்டவை.

இன்று தமிழ்நாட்டுத் திருமண ரவிக்கைகளின் முதுகிலும் கையிலும் படரும் ஆரி வேலை அதே கையசைவுதான். வடிவமைப்பாளரின் பெயரைப் போற்றும் நாம், அவ்வேலைப்பாட்டை ஆக்கிய கையையும் கருவியையும் பதிவு செய்யத் தவறுகிறோம். அருங்காட்சியகக் குறிப்புகளிலும் ஆய்வுகளிலும் அவற்றுக்கு இடம் தருவதே உடை வரலாற்றுத் துறையினர் உடனே செய்ய வேண்டிய பணி.