இரண்டாவது தொழில்: ஒரு விளையாட்டு விதியின் ஐம்பது ஆண்டுகள்

 

இந்த அரங்கில் நாம் பெரும்பாலும் நாவல்களைப் பற்றியும் கவிதைகளைப் பற்றியும் பேசுகிறோம். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு விளையாட்டின் விதிப்புத்தகம். அதிலும் ஒரே ஒரு விதி. ஒரு மனிதன் தன் தொழிலை மாற்றிக்கொள்ளலாமா, மாற்றினால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லும் விதி. புலம்பெயர்ந்த நமக்கு இது வெறும் விளையாட்டு விஷயம் அல்ல என்று எனக்குத் தோன்றியதால்தான் பேச ஒப்புக்கொண்டேன்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பெயரை உங்கள் பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்கிறார்கள். ஒருவர் கதைசொல்லி, அவரை டஞ்சன் மாஸ்டர் என்பார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். கதைசொல்லி சூழலைச் சொல்வார், பாத்திரங்கள் என்ன செய்வதென்று முடிவெடுப்பார்கள், அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கிளாஸ் உண்டு: போர்வீரன், மந்திரவாதி, பூசகன், திருடன் என்பதுபோல. இந்தச் சொல்லை வகுப்பு என்று மொழிபெயர்த்தால் நம் ஊரில் வேறு அர்த்தம் வந்துவிடும். அதனால் தொழில் என்றே சொல்கிறேன். தொழிலில் தேர்ச்சி கூடக் கூட நிலை ஏறும். முதல் நிலையில் தொடங்கி, அனுபவப் புள்ளி சேர்த்து, இரண்டு, மூன்று என்று மேலே போக வேண்டும்.

போன மாதம் என் மகள் சாப்பாட்டு மேஜையில் காகிதங்களைப் பரப்பி வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினாறு வயது. பள்ளிப் பாடம் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். "இல்லப்பா, என் கேரக்டர மல்டிகிளாஸ் பண்ணலாமான்னு பாக்கறேன்" என்றாள். மந்திரவாதிப் பெண். ஆனால் ஓர் அடி தாங்கமாட்டாள். அவளைக் கொஞ்சம் போர்வீரியாகவும் ஆக்க வேண்டும். ஒரு நிலை போதுமா, இரண்டு நிலை வேண்டுமா என்பதுதான் கேள்வி. நான் ஒருகாலத்தில் கணக்கு வாத்தியார். பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அந்த இரவு தொடங்கி, பழைய விதிப்புத்தகங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன்.

இந்த வரலாற்றில் ஒரு பகுதி நான் வசிக்கும் ஊரிலேயே நடந்தது. மினியாபொலிஸ், செயின்ட் பால் என்ற இந்த இரட்டை நகரத்தில் போர் விளையாட்டு ஆடும் ஒரு குழு இருந்தது. மேஜையில் பொம்மைப் படைகளை நிறுத்தி நெப்போலியன் காலப் போர்களை ஆடுபவர்கள். 1969-ல் அவர்களில் ஒருவரான டேவிட் வெஸ்லி, ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் படைக்குப் பதிலாக ஒரு தனிமனிதனைக் கொடுத்தார். அதிலிருந்து டேவ் ஆர்னிசன் பிளாக்மூர் என்ற கற்பனை நாட்டை உருவாக்கினார். பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில், லேக் ஜெனீவா என்ற சிற்றூரில், கேரி கைகாக்ஸ் இடைக்காலப் போருக்கான விதிகளை ஜெஃப் பெரனுடன் சேர்ந்து எழுதி, 1971-ல் செயின்மெயில் என்ற பெயரில் வெளியிட்டிருந்தார். ஆர்னிசனும் கைகாக்ஸும் சேர்ந்தார்கள். 1974-ல் மூன்று சிறு புத்தகங்கள் ஒரு பெட்டியில் வந்தன. முதல் அச்சு ஆயிரம் பிரதிகள், விலை பத்து டாலர்.

அந்த முதல் பெட்டியில் மூன்றே தொழில்கள்: போர்வீரன், மந்திரவாதி, பூசகன். மனிதன் ஒன்றைத் தேர்ந்தெடுத்தபின் வேறொன்றுக்கு மாறுவதை அந்தப் புத்தகம் பரிந்துரைக்கவில்லை, மாறுவதற்கு நிபந்தனையும் வைத்தது. ஒரு விலக்கு இருந்தது. எல்ஃப் என்ற வனவாசி இனத்தவர் போர்வீரனாகவும் மந்திரவாதியாகவும் இருக்கலாம். ஒரு பயணத்தில் வாள், அடுத்த பயணத்தில் மந்திரம். ஆனால் ஒரே ஆட்டத்தின் நடுவில் மாறக்கூடாது. அதோடு ஓர் உச்சவரம்பும் வைத்தார்கள். எல்ஃப் போர்வீரனாக நான்காம் நிலைக்கு மேலும், மந்திரவாதியாக எட்டாம் நிலைக்கு மேலும் போக முடியாது. மனிதனுக்கு அந்த வரம்பு இல்லை. இரண்டு தொழில் உனக்கு உண்டு, ஆனால் எதிலும் உச்சிக்குப் போகமாட்டாய் என்பதுதான் தொடக்கத்தில் செய்துகொண்ட ஒப்பந்தம்.

1981-ல் டாம் மோல்ட்வே தொகுத்த எளிய பதிப்பு இதை இன்னும் சுருக்கியது. அதில் எல்ஃப் என்பதே ஒரு தொழில். வாளும் மந்திரமும் சேர்ந்தே வரும். ஆனால் போர்வீரன் 2000 புள்ளியில் இரண்டாம் நிலைக்குப் போனால் எல்ஃபுக்கு 4000 வேண்டும். போர்வீரன் ஆறாம் நிலையைத் தொடும் 32,000 புள்ளியில் எல்ஃப் ஐந்தாம் நிலையைத் தொடுவான். நிலைக்கு நிலை தேவைப்படும் புள்ளி ஏறக்குறைய இரட்டிப்பாகிக்கொண்டே போவதால், புள்ளியில் பாதியை இழந்தவன் நிலையில் ஒரே ஒரு படிதான் பின்தங்குகிறான். ஆனால் அந்த ஒரு படி கூடவே வரும்.

இதற்கிடையில், 1978-ல், கைகாக்ஸ் எழுதிய ஆட்டக்காரர் கையேடு வந்தது. அட்வான்ஸ்டு பதிப்பு என்பார்கள். நான் இன்று பேச வந்ததே அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான். அதில் இரண்டு வழிகள் இருந்தன. எந்த வழி யாருக்கு என்பதைப் பிறப்பு தீர்மானித்தது.

மனிதர் அல்லாதவர்களுக்கு முதல் வழி. எல்ஃப், அரை எல்ஃப், குள்ளர் முதலியோர் முதல் நாளிலிருந்தே இரண்டு அல்லது மூன்று தொழில்களைச் சேர்த்துச் செய்யலாம். கிடைக்கும் புள்ளி சமமாகப் பிரியும். ஒரு தொழிலில் உச்சவரம்பைத் தொட்டுவிட்டாலும் அதற்கான பங்கு போய்க்கொண்டேதான் இருக்கும், வீணாக.

இரண்டாவது வழி மனிதர்களுக்கு மட்டும். முதல் தொழிலை முற்றிலும் விட்டுவிட்டு, இன்னொன்றில் முதல் நிலையிலிருந்து தொடங்க வேண்டும். பழையதற்குத் திரும்பி அதில் மேலே ஏற முடியாது. நுழைவதற்கே, பழைய தொழிலுக்குரிய முக்கியத் திறன் 15-ஆவது இருக்க வேண்டும், புதியதற்குரியது 17-ஆவது இருக்க வேண்டும். மூன்று பகடைகளை உருட்டினால் 17 அல்லது 18 விழ 216-ல் 4 வாய்ப்புதான். அதாவது மாற விரும்புகிறவன், இருந்த இடத்திலேயே இருப்பவனைவிடத் திறமைசாலியாக இருந்தாக வேண்டும்.

இதைவிடக் கடுமையான ஒரு நிபந்தனையும் உண்டு. புதிய தொழிலில் உன் நிலை பழைய தொழிலின் நிலையைத் தாண்டும் வரை, பழைய திறமையைப் பயன்படுத்தக்கூடாது. ஆபத்தில் மாட்டி வாளை எடுத்துவிட்டால், அந்தப் பயணத்தில் அனுபவப் புள்ளி கிடையாது. கற்றதை நீ மறக்கவில்லை. அது உனக்குள் இருக்கிறது. எடுத்தால் உயிர் பிழைக்கலாம், ஆனால் வளரமாட்டாய். தாண்டிய பிறகு இரண்டும் உனக்கே.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது விசுவாமித்திரர். கௌசிகன் என்ற அரசன் வசிஷ்டரிடம் தோற்று, அரசை விட்டுத் தவத்துக்குப் போகிறான். ஒவ்வொரு முறையும் தவம் கனிந்து வரும் நேரத்தில் உள்ளே இருக்கும் பழைய அரசன் எழுந்துவிடுகிறான். ரம்பையைக் கோபத்தில் சபிக்கிறான். சேர்த்த தவம் போய்விடுகிறது. மீண்டும் முதலிலிருந்து. கைகாக்ஸ் ராமாயணம் படித்து இந்த விதியை எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஒரு வாழ்க்கையை விட்டு இன்னொன்றுக்குப் போகிறவனுக்கு எது பெரிய சோதனை என்று யோசிப்பவர்கள் ஒரே இடத்தில் வந்து சேர்கிறார்கள், அவ்வளவுதான்.

என் கதையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் பதினோரு ஆண்டுகள் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். மனைவியின் வேலைக்காக இங்கே வந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. வேலை அனுமதி வந்த பிறகு எனக்குக் கிடைத்தது ஒரு கிடங்கில் பெட்டிகளை எண்ணிக் குறிக்கும் வேலை. இரண்டாவது மாதம், இருப்புக் கணக்கில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தேன். அதைச் சொன்ன விதம்தான் தவறு. மேலாளர் இருபத்தைந்து வயதுப் பையன். அவனை நிற்க வைத்து, பலகையில் எழுதி, "இப்போ புரியுதா?" என்று கேட்கும் பாணியில் விளக்கினேன். கணக்கு சரிதான். ஆனால் அதன் பிறகு பல வாரங்கள் என்னிடம் யாரும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. எல்லாம் தெரிந்தவனுக்கு என்ன கற்றுக்கொடுப்பது? பழைய வாளை எடுத்துவிட்டேன். அந்தப் பயணத்துக்குப் புள்ளி இல்லை. 1978-ல் எழுதப்பட்ட ஒரு விதியில் என் தவறு இவ்வளவு தெளிவாக எழுதியிருந்ததைப் படித்து அன்றிரவு சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வரலாற்றுக்குத் திரும்புவோம். 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பு இந்த இரண்டு வழிகளையும் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டது. 1997-ல் டிஎஸ்ஆர் நிறுவனத்தை விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. 2000-ல் மாண்டி குக், ஜோனதன் ட்வீட், ஸ்கிப் வில்லியம்ஸ் மூவரும் மூன்றாம் பதிப்பை வடிவமைத்தார்கள். அதில் சுவர்கள் விழுந்தன. மனிதனோ எல்ஃபோ, ஒவ்வொரு முறை நிலை ஏறும்போதும் எந்தத் தொழிலில் ஏறுவது என்று தேர்ந்தெடுக்கலாம். போர்வீரனாக மூன்று, மந்திரவாதியாக இரண்டு, திரும்பவும் போர்வீரனாக ஒன்று.

இது எப்படிச் சாத்தியமானது? முன்பு ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு தனிப் புள்ளி அட்டவணை. 2000-ல் எல்லோருக்கும் ஒரே அட்டவணை: இரண்டாம் நிலைக்கு 1000, மூன்றாம் நிலைக்கு 3000, நான்காம் நிலைக்கு 6000. எல்லாத் தொழிலிலும் ஒரு படியின் விலை ஒன்றே என்றானதும், படிகளைக் கலந்து அடுக்க முடிந்தது. பழைய சாயல் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. ஒவ்வோர் இனத்துக்கும் இயல்பான தொழில் ஒன்று உண்டு. எல்ஃபுக்கு மந்திரம், குள்ளருக்குப் போர். அதைத் தவிர்த்த மற்ற தொழில்களுக்கிடையே ஒன்றுக்கு மேற்பட்ட நிலை வித்தியாசம் இருந்தால் புள்ளியில் 20 சதவீதம் பிடித்தம்.

சுதந்திரம் வந்ததும் அதன் பின்னாலேயே திட்டமிடலும் வந்தது. குறிப்பிட்ட தகுதிகளை அடைந்தால் மட்டும் நுழையக்கூடிய உயர்தொழில்களும் அந்தப் பதிப்பில் இருந்தன. உதாரணமாக, 2003-ல் திருத்தப்பட்ட பதிப்பில் வந்த மிஸ்டிக் தியர்ஜ் மந்திரமும் பூசையும் இணைந்தது. அதில் நுழைய, வழக்கமான பாதையில், மந்திரவாதியாக மூன்று நிலையும் பூசகனாக மூன்று நிலையும் வேண்டும். ஏழாம் நிலையில் எங்கே நிற்க வேண்டும் என்பதை முதல் நிலையிலேயே யோசித்தாக வேண்டும். பில்டு என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் அந்தக் கலை இங்கேதான் செழித்தது. கதையில் என்ன நடக்கிறதோ அதற்கேற்ப மாறுவதற்குப் பதிலாக, இருபது நிலைக்கும் முன்கூட்டியே வரைபடம். நம்மில் பலர் பிள்ளைகளுக்குப் போடும் வரைபடம்போல.

2008-ல் வந்த நான்காம் பதிப்பு கதவைப் பாதி சாத்தியது. மற்றொரு தொழிலிலிருந்து சில திறன்களை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளலாம். இரண்டையும் சரிபாதியாகக் கலக்கும் வழி 2010-ல் தனியாக வந்தது. 2014-ல் ஐந்தாம் பதிப்பு மீண்டும் படிப்படியான முறைக்குத் திரும்பியது. நுழைவுத் தகுதி இப்போது இரண்டு தொழிலுக்கும் 13 மட்டுமே. எந்த இனத்துக்கும் தடை இல்லை, பிடித்தம் இல்லை. 2024-ல் வந்த திருத்தத்தில் இனம் என்பதைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லையே எடுத்துவிட்டார்கள்.

அப்படியானால் விலை இல்லையா? இருக்கிறது. என் மகளின் காகிதத்தில் அதைப் பார்த்தேன். அவர்கள் ஆடுவது 2014 விதிகளில். பத்தாம் நிலையோடு கதை முடியும் என்று கதைசொல்லி சொல்லியிருக்கிறார். போர்வீரியாகத் தொடங்கி ஒரு நிலை எடுத்தால் கனமான கவசம் அணியலாம். அடிபட்டாலும் மந்திரம் கலையாமல் பிடித்துக்கொள்ள உதவும் உடலுறுதியும் கிடைக்கும். இந்த உறுதி முதல் தொழிலிலிருந்து மட்டுமே வரும். இரண்டாவதாகப் போர்வீரியானால் வராது. எங்கே தொடங்கினாய் என்பதை இந்தப் பதிப்பும் மறக்கவில்லை. ஆனால் ஐந்தாம் நிலையில் வர வேண்டிய தீப்பந்து மந்திரம் ஆறாம் நிலையில்தான் வரும்.

இரண்டு நிலை எடுத்தால் ஒரே சுற்றில் இருமுறை செயல்படும் ஆற்றல் கிடைக்கும். அவளுக்கு அதில்தான் கண். கணக்குப் போட்டோம். மந்திரவாதியின் ஐந்தாம் படி மந்திரங்கள் அந்தத் தொழிலின் ஒன்பதாம் நிலையில் வருகின்றன. ஒன்றும் ஒன்பதும் பத்து. கதை முடியும் நிலையில் எட்டிப் பிடித்துவிடலாம். இரண்டு எடுத்தால் எட்டோடு நின்றுவிடும். அந்த மந்திரங்களை அவள் ஒருநாளும் பார்க்கமாட்டாள். ஐம்பது ஆண்டுகளில் தடைகள் எல்லாம் போய்விட்டன. எஞ்சியிருக்கும் ஒரே விலை காலம்.

இந்த விதிகளில் எது நியாயமானது என்று கேட்டால், ஆடுவதற்கு 2014 விதி. பிறப்பைப் பார்த்து வழி பிரிக்கும் விதியை என் மகள் ஆட வேண்டாம். ஆனால் உண்மைக்கு நெருக்கமானது எது என்று கேட்டால், நான் அந்த 1978 பக்கத்தையே காட்டுவேன். நடுவயதில் நாடு மாறியவர்களுக்கு, இடைப்பட்ட அந்த வருடங்கள் எப்படி இருக்கும் என்பதை அது மட்டும்தான் எழுதியிருக்கிறது. அந்தக் காலத்துக்கு ஒரு முடிவு உண்டு என்பதையும் எழுதியிருக்கிறது.

கிடங்கு வேலைக்குப் பிறகு இரவு வகுப்பில் கணக்கியல் படித்தேன். இப்போது ஓர் அலுவலகத்தில் கணக்கர். சென்ற ஆண்டு முதல், புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்கள். பலகையில் எழுதித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். அவள் பென்சிலை வைத்துவிட்டு, "ஊர்ல எத்தன வருஷம் டீச்சரா இருந்தீங்க?" என்று கேட்டாள். பதினொன்று என்றேன். "இங்க வந்து?" பன்னிரண்டு நடக்கிறது என்றேன். "அப்ப தாண்டியாச்சேப்பா" என்று சொல்லிவிட்டு, காகிதத்தில் போர்வீரி என்ற இடத்தில் எழுதியிருந்த இரண்டை அழித்து ஒன்று என்று எழுதினாள்.