பெயரே முத்திரையாக இருந்த காலம்: சென்னை பி. ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் வரலாறு

சென்னை அண்ணா சாலையில் மணிக்கூண்டுடன் நிற்கும் பி. ஆர் அண்ட் சன்ஸ் கட்டடத்தை இன்று பெரும்பாலோர் கைக்கடிகாரக் கடையாகவே அறிவர். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அந்தப் பெயர் நகைக்கும் வெள்ளிக்கும் உரிய பெயராகவே புகழ்பெற்றிருந்தது. ஆளுநர் மாளிகையின் விருந்து மேசையிலும் மன்னர்களின் பரிசுப் பேழையிலும் குதிரைப் பந்தயக் கோப்பையிலும் அந்நிறுவனத்தின் முத்திரை இருந்தது. அக்காலத்து இந்தியாவில் தங்கம், வெள்ளியின் தரத்தைச் சோதித்து முத்திரையிடும் அரசு அமைப்பு எதுவும் இல்லை. ஆகவே, விற்றவரின் பெயரே வாங்கியவருக்குக் கிடைத்த உறுதிமொழி. பி. ஆர் அண்ட் சன்ஸ் வரலாறு அந்த உறுதிமொழியின் வரலாறும் ஆகும்.

கடிகாரத்தில் தொடங்கிய தொழில்

நிறுவனத்தைத் தொடங்கியவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கடிகார வினைஞர் பீட்டர் ஆர். சென்னையில் ஏற்கெனவே இயங்கிவந்த ஜார்ஜ் கார்டன் நிறுவனத்தின் தொழிலை ஏற்று, 1846ஆம் ஆண்டு தம் பெயரில் வணிகத்தை நிலைநிறுத்தினார். பின்னர் அவருடைய புதல்வர்களும் சேர்ந்ததையடுத்து அது 'பி. ஆர் அண்ட் சன்ஸ்' ஆயிற்று. நிறுவனப் பெயரின் முதல் எழுத்து பீட்டரையும், 'ஆர்' என்பது அவருடைய குடும்பப் பெயரையும் குறிக்கின்றன. இதனைப் பலர் இரண்டு தலைப்பெழுத்துகள் என்று கருதுவதுண்டு.

கடிகாரத் தொழிலும் நகைத் தொழிலும் அக்காலத்தில் ஒரே கூரையின்கீழ் நடப்பது வழக்கம். கடிகாரங்களின் கூடுகள் தங்கத்தாலும் வெள்ளியாலும் செய்யப்பட்டன. நுண்கருவிகளைக் கையாளும் திறன் இரண்டுக்கும் பொதுவானது. இங்கிலாந்திலிருந்து கடிகாரத்தை வரவழைத்த அதே கடை, வைரத்தையும் வெள்ளித் தட்டுகளையும் விற்றதில் வியப்பில்லை. நிறுவனம் வளர்ந்தபோது ரங்கூனிலும் கிளை திறந்தது. பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் அப்போது வளர்ந்துவந்த பர்மாவில், அதிகாரிகளும் வணிகர்களுமாகப் புதிய வாடிக்கையாளர்கள் கிடைத்தனர்.

மவுண்ட் சாலையின் கட்டடம்

ஜார்ஜ் கோட்டையிலிருந்து பரங்கிமலை நோக்கிச் செல்லும் மவுண்ட் சாலை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பியர்களின் கடைவீதியாக மாறியது. ஹிக்கின்பாதம்ஸ் புத்தக நிறுவனமும் ஸ்பென்சர் நிறுவனமும் அங்கே பெயர் பெற்றன. பி. ஆர் அண்ட் சன்ஸ் அங்கு எழுப்பிய கட்டடம் 1879ஆம் ஆண்டு நிறைவடைந்தது. அதனை வடிவமைத்தவர் ராபர்ட் ஃபெல்லோஸ் சிஸ்ஹோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபமும் மாநிலக் கல்லூரிக் கட்டடமும் அவருடைய படைப்புகளே. பின்னாளில் பரோடாவின் லட்சுமி விலாஸ் அரண்மனைப் பணியையும் அவரே முடித்துக்கொடுத்தார். அரசுக் கட்டடங்களுக்குப் பெயர் பெற்ற ஒருவரைக் கொண்டு ஒரு கடையைக் கட்டியது, அந்த வணிகத்தின் செல்வாக்கைக் காட்டுகிறது.

கடிகாரம் பொருத்திய கோபுரத்துக்கு விளம்பரத்தைத் தாண்டிய பொருளும் இருந்தது. 1792ஆம் ஆண்டு முதல் நுங்கம்பாக்கத்தில் செயல்பட்ட சென்னை வானாய்வகம் கணித்த நேரத்தையே இந்திய ரயில்வே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பின்பற்றியது. இந்தியத் திட்ட நேரம் 1906ஆம் ஆண்டு நடைமுறைக்கு வரும்வரை 'சென்னை நேரம்' நாடு முழுவதும் ரயில் பயணிகளுக்குப் பழக்கமான சொல். அப்படிப்பட்ட நகரத்தின் முதன்மைச் சாலையில் நேரம் காட்டுவது ஒரு கடிகார நிறுவனத்துக்குப் பெருமையான பொறுப்பு.

'சுவாமி வெள்ளி' என்னும் பாணி

இந்திய வெள்ளிப் பொருள்களைச் சேகரிப்போரும் அருங்காட்சியகங்களும் இந்நிறுவனத்தை நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம் கடிகாரம் அன்று. 'சுவாமி வெள்ளி' என்று அழைக்கப்படும் பாணியே அதற்குக் காரணம். தமிழ்ச் சொல்லையே ஆங்கிலேயர் அப்படியே எடுத்துக்கொண்டனர். தேநீர்க் குவளை, பால் குடுவை, சர்க்கரைக் கிண்ணம், தட்டு, பேழை ஆகியவற்றின் வடிவம் ஐரோப்பிய மேசைக்கு உரியது. அவற்றின் உடலிலோ, வளைவுகளுக்கும் தூண்களுக்கும் இடையே திருமாலும் சிவனும் துர்க்கையும் கண்ணனும் பிள்ளையாரும் புடைப்பு உருவங்களாக வரிசையாக நிற்பர்.

அக்கால இந்தியாவில் வெள்ளி வேலைக்கு ஊருக்கொரு முகம் இருந்தது. கச்சுப் பகுதியின் பொருள்களில் கொடியும் இலையும் பின்னிப் படர்ந்திருந்தன. காஷ்மீரில் கொத்தமல்லி இலை, பூ போன்ற நுண்வேலைப்பாடும், கல்கத்தாவில் சிற்றூர் வாழ்க்கைக் காட்சிகளும், லக்னோவில் காட்டு விலங்குகளும் இடம்பெற்றன. சென்னைக்கு அடையாளமாக அமைந்தது இந்தத் தெய்வ உருவ வேலைப்பாடு. அதனைப் பெரிய அளவில் செய்வித்து, வெளிநாடுகளுக்கும் கொண்டுசென்ற நிறுவனம் பி. ஆர் அண்ட் சன்ஸ்.

இந்த வேலை கையால் செய்யப்பட்டது. வெள்ளித் தகட்டை அரக்குப் படுக்கையின்மீது பொருத்தி, பின்புறமிருந்து சுத்தியலாலும் உளியாலும் தட்டி உருவத்தைப் புடைக்கச் செய்வர். பின்னர் தகட்டைத் திருப்பி, முன்புறத்தில் சிற்றுளியால் கண், விரல், ஆடை மடிப்பு, அணிகலன் ஆகியவற்றைச் செதுக்குவர். குடுவை போன்ற மூடிய பாத்திரமாயின், உள்ளே அரக்கை உருக்கி ஊற்றி, இறுகியபின் வெளியிலிருந்து வேலை செய்வர். கோயில்களின் கவசம், திருவாசி, வாகனத் தகடுகள் ஆகியவற்றில் தலைமுறை தலைமுறையாகப் பழகிய உத்தி அது. இன்று புவிசார் குறியீடு பெற்றுள்ள தஞ்சாவூர் கலைத்தட்டிலும் அதே வகையான புடைப்பு வேலையைக் காணலாம். ஐரோப்பிய நிறுவனம் புதிதாகக் கொண்டுவந்தது பாத்திரத்தின் வடிவத்தையும் சந்தையையும்தான். கைத்திறன் ஏற்கெனவே இங்கிருந்தது.

இளவரசரின் வருகை

விக்டோரியா அரசியின் மூத்த புதல்வரும் பின்னாளில் ஏழாம் எட்வர்டாக முடிசூடியவருமான வேல்ஸ் இளவரசர், 1875-76ஆம் ஆண்டுகளில் இந்தியாவில் பயணம் மேற்கொண்டார். 1875 டிசம்பரில் அவர் சென்னைக்கு வந்தார். அப்பயணத்தில் இந்திய மன்னர்களிடமிருந்து அவர் பெற்ற பரிசுகளுள் பி. ஆர் அண்ட் சன்ஸ் செய்த சுவாமி வெள்ளிப் பொருள்களும் இருந்தன. அப்பரிசுகள் லண்டனிலும் 1878ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியிலும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. சென்னையின் வெள்ளி வேலைப்பாடு ஐரோப்பியர் பலருக்கு அறிமுகமாக இது வழிவகுத்தது.

இந்தக் கலப்புப் பாணியை எல்லோரும் வரவேற்கவில்லை. இந்தியக் கைவினைகள் குறித்து அக்காலத்தில் விரிவாக எழுதிய ஜார்ஜ் பேர்ட்வுட், ஐரோப்பியச் சுவைக்கு இணங்கிச் செல்வது இந்தியக் கலைகளைக் கெடுக்கும் என்று வாதிட்டவர். வழிபாட்டுக்கு உரிய உருவம் தேநீர்ப் பாத்திரத்தில் அமைவது பொருத்தமா என்ற கேள்வியும் இயல்பாகவே எழக்கூடியது. எனினும், கோயில் பணி மட்டுமே நம்பியிருந்த கைவினைஞர்களுக்கு இந்தச் சந்தை வேலை கொடுத்தது என்பதையும் மறுக்க இயலாது.

முத்திரை சொன்னதும் சொல்லாததும்

இங்கிலாந்தில் வெள்ளியின் தரத்தைச் சோதித்து முத்திரையிடும் சட்டம் 1300ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. லண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் மண்டபத்தில் இட்ட முத்திரை என்பதாலேயே 'ஹால்மார்க்' என்னும் பெயர் உருவானது. ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி என்பது அங்கு 'ஸ்டெர்லிங்' தரம். அதே ஆட்சியாளர்கள் இந்தியாவில் அத்தகைய சோதனை நிலையம் எதனையும் நகைத் தொழிலுக்காக அமைக்கவில்லை.

அதன் விளைவு ஒவ்வொரு நகரத்திலும் ஒவ்வொரு விதமாக இருந்தது. கல்கத்தாவில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராபர்ட் ஹாமில்டன் நிறுவிய ஹாமில்டன் நிறுவனம், யானை உருவத்தையும் தனி எழுத்துகளையும் பொறித்து, பிரிட்டிஷ் முத்திரையை ஒத்த அடையாளங்களைப் பயன்படுத்தியது. அவை சட்டப்படியான சோதனை முத்திரைகள் அல்ல. சென்னையில் பி. ஆர் அண்ட் சன்ஸ் தன் பெயரையே பொருளின் அடியில் ஆங்கில எழுத்துகளில் பொறித்தது. இரண்டுக்கும் பின்னால் இருந்தது நிறுவனத்தின் நற்பெயர் மட்டுமே. தரம் குறைந்தால் பெயர் கெடும், பெயர் கெட்டால் வணிகம் போகும் என்பதே வாங்குவோருக்கு இருந்த காப்பு.

அந்த முத்திரை சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. தகட்டைத் தட்டி உருவம் எழுப்பிய கைவினைஞரின் பெயர் பொருளின்மீது இடம்பெறவில்லை. இந்திய வெள்ளி வேலையில் தம் சொந்த அடையாளத்தைப் பொறித்தவர்கள் மிகச் சிலரே. 'ஓ.எம்., புஜ்' என்னும் அடையாளத்தால் அறியப்படும் கச்சுப் பகுதியின் ஊமர்சி மாவ்ஜி அத்தகைய அரிய விதிவிலக்கு. அவருடைய பெயருக்காகவே அப்பொருள்கள் இன்று ஏலங்களில் தேடப்படுகின்றன. சென்னைக் கைவினைஞர்களுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

விடுதலைக்குப் பிறகு

1947க்குப் பின் இத்தகைய நிறுவனங்களின் வாடிக்கையாளர் வட்டம் சுருங்கியது. ஆங்கிலேய அதிகாரிகள் வெளியேறினர். சமஸ்தானங்கள் இந்தியாவுடன் இணைந்தன. 1963ஆம் ஆண்டு தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்து, புதிய நகைகளுக்கு 14 காரட் வரம்பு விதிக்கப்பட்டது. 1968ஆம் ஆண்டின் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை நீடித்தது. முன்னாள் மன்னர்களுக்கான மானியம் 1971ஆம் ஆண்டு ஒழிக்கப்பட்டது. கல்கத்தாவின் ஹாமில்டன் நிறுவனம் 1970களில் மூடப்பட்டது.

சென்னை நிறுவனம் வேறு வழியில் பிழைத்தது. அதன் உரிமை பின்னாளில் மதுரையைச் சேர்ந்த கருமுத்து தியாகராசன் செட்டியார் குடும்பத்தின் வசம் வந்தது. நிறுவனம் தான் தொடங்கிய கடிகாரத் தொழிலையே உறுதியாகப் பற்றிக்கொண்டது. 1960களில் எச்.எம்.டி. நிறுவனத்தாலும், 1980களில் ஓசூரில் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தாலும் இந்தியக் கடிகாரச் சந்தை விரிவடைந்தது. கைக்கடிகாரம் நடுத்தரக் குடும்பங்களின் திருமணப் பரிசாகவும் தேர்வில் வென்ற பிள்ளைகளுக்கான பரிசாகவும் ஆயிற்று. ஆளுநர்களுக்கு வெள்ளி விற்ற கடை, பொதுமக்களுக்குக் கைக்கடிகாரம் விற்கும் கடையாக மாறியது.

கட்டடத்துக்கும் சோதனை வந்தது. மெட்ரோ ரயில் பணிக்காக வளாகத்தின் பின்பகுதியில் 2011ஆம் ஆண்டு இடிப்பு நடந்தபோது, பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. முகப்பை மட்டும் காத்தால் போதுமா, பின்னாலிருந்த பகுதிகளும் வரலாற்றின் அங்கம் இல்லையா என்ற விவாதம் அப்போது எழுந்தது. பின்பகுதியின் ஒரு பாகம் போனாலும், மணிக்கூண்டுடன் கூடிய முகப்பு இன்றும் நிற்கிறது.

இன்றைய முத்திரை

இந்தியத் தர நிர்ணய அமைவனமான பி.ஐ.எஸ்., தங்க நகைகளுக்கான ஹால்மார்க் திட்டத்தை 2000ஆம் ஆண்டிலும் வெள்ளிப் பொருள்களுக்கான திட்டத்தை 2005ஆம் ஆண்டிலும் தொடங்கியது. தங்க நகைகளுக்கு 2021 ஜூன் முதல் இது மாவட்ட வாரியாகக் கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் எச்.யு.ஐ.டி. எனப்படும் 6 இலக்க எண்ணெழுத்துக் குறியீடு உள்ள ஹால்மார்க் நகைகளையே விற்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது.

முந்தைய ஹால்மார்க்கில் நகைக்கடையின் அடையாளக் குறியும் ஒன்றாக இருந்தது. புதிய முறையில் பி.ஐ.எஸ். சின்னம், தூய்மை அளவு, எச்.யு.ஐ.டி. எண் ஆகிய 3 மட்டுமே உள்ளன. 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணை உள்ளிட்டால், நகைக்கடை, சோதனை மையம், தூய்மை ஆகிய விவரங்களைச் சரிபார்க்கலாம். ஒரு காலத்தில் சோதனையின்றிப் பெயர் மட்டும் நின்ற இடத்தில், இன்று சோதனையின் சான்று நிற்கிறது. பெயர் அதற்குப் பின்னால் சென்றுவிட்டது.

பழைய குடும்பச் சொத்தாக வெள்ளிப் பாத்திரம் வைத்திருப்போர் இவ்வேறுபாட்டை நினைவில் கொள்வது நல்லது. அடியில் பி. ஆர் அண்ட் சன்ஸ் என்னும் பெயர் பொறித்திருந்தால், அது விற்ற நிறுவனத்தைக் குறிக்கும். வெள்ளியின் தூய்மைக்கு அரசு அளித்த சான்று ஆகாது. தூய்மையை அறிய, சோதனை மையத்தையே நாட வேண்டும். அதே நேரத்தில், அத்தகைய பொருளை எடைக்கு எடை விற்று உருக்கிவிடுவது இழப்பாகும். அதன் மதிப்பு உலோகத்தின் எடையைவிடக் கைவேலையில் மிகுதியாக இருக்கிறது. உருக்கிய பாத்திரத்தோடு, பெயர் தெரியாத அந்தக் கைவினைஞர் விட்டுச்சென்ற ஒரே சான்றும் அழிந்துபோகும்.