இந்தியாவில் கருக்கலைப்புச் சட்டம்: வரலாறும் விவாதமும்

இந்தியாவில் கருக்கலைப்பு முழுமையாகத் தடை செய்யப்படவில்லை. பெண்ணின் தனி முடிவுக்கு முழுமையாக விடப்படவும் இல்லை. தண்டனைச் சட்டப்படி அது குற்றம். 1971ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த நிபந்தனைகளுக்கு உட்பட்டால் அது குற்றமாகாது. கருக்கலைப்பை யார் முடிவு செய்வது என்பதே இது குறித்த விவாதங்களின் மையமாக இருந்துவருகிறது.

ஆங்கிலேயர் காலம்

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றிச் செய்யப்படும் கருக்கலைப்பைக் குற்றமாக்கியது (பிரிவு 312). 3 ஆண்டுகள் வரையும், கருவின் அசைவு உணரப்பட்ட பின் 7 ஆண்டுகள் வரையும் சிறைத்தண்டனை விதிக்கலாம். தானே கருவைக் கலைத்துக்கொண்ட பெண்ணும் இதில் அடங்குவாள்.

இச்சட்டத்தால் பெரிதும் துன்புற்றோரில் இளம் விதவைகளும் இருந்தனர். விதவை மறுமணத்தை 1856ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்தும் சமூகம் ஏற்கவில்லை. இத்தகைய பெண்கள் பாதுகாப்பாகப் பிள்ளை பெறுவதற்காக ஜோதிராவ் புலே 1863இல் புனேயில் ஓர் இல்லம் திறந்தார். தமிழகத்தில் பெரியார் கர்ப்பத்தடையை ஆதரித்தார். மற்றவர்கள் மக்கள்தொகையையும் வறுமையையும் காரணமாகக் காட்டியபோது, அவர் பெண் விடுதலையையே முதற்காரணமாகக் கூறினார்.

1971ஆம் ஆண்டுச் சட்டம்

1964இல் அமைக்கப்பட்ட சாந்திலால் ஷா குழு, சட்டத்தைத் தளர்த்தப் பரிந்துரைத்தது. அதன் வழியே உருவான மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அப்போது 12 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், 20 வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்தும் தேவைப்பட்டன. 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய ஒப்புதலே போதும். கணவரின் கையொப்பத்தைச் சட்டம் கேட்கவில்லை. ஆயினும் கருத்தடை தோல்வி என்னும் காரணம் மணமானவர்களுக்கு மட்டுமே பொருந்தியது.

பெண் கருவை அறிந்து கலைக்கும் வழக்கத்தைத் தடுக்க 1994இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அது தடை செய்வது பாலினத் தெரிவையே, கருக்கலைப்பை அன்று. இவ்விரு சட்டங்களையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கின்றனர்.

அண்மைத் திருத்தங்கள்

2021ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு மருத்துவரின் வரம்பை 20 வாரமாகவும், குறிப்பிட்ட பிரிவினருக்கு இரு மருத்துவர்களின் வரம்பை 24 வாரமாகவும் உயர்த்தியது. 24 வாரத்துக்குப் பின், கருவில் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் கண்டறிந்தால் அனுமதி உண்டு. “கணவர்” என்ற சொல் “துணைவர்” என மாறியது. மணமாகாத பெண்களுக்கும் 24 வாரம் வரை உரிமை உண்டு என 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தில் இல்லாத குடும்ப ஒப்புதலை மருத்துவர்கள் கேட்பதையும் அத்தீர்ப்பு குறை கூறியது. ஆனால் 2023 அக்டோபரில், 26 வாரக் கருவைக் கலைக்க மணமான பெண் ஒருவர் கேட்ட அனுமதியை அதே நீதிமன்றம் மறுத்தது.

இன்றைய நிலை

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் கருக்கலைப்பைக் குற்றப்பட்டியலிலேயே வைத்துள்ளது (பிரிவுகள் 88–92). வரம்பு கடந்தால் நீதிமன்றமே வழி. தாராசுரத்துப் பெண் ஒருவர் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டுமானால், தஞ்சாவூர் மாவட்டத்துக்குரிய மதுரைக் கிளைக்கு ஏறத்தாழ 200 கி.மீ. செல்ல வேண்டும். அலையும் ஒவ்வொரு நாளும் கருவின் வாரக்கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கும்.