உள்ளரங்கின் சாவி யாரிடம்?

உள்ளக விளையாட்டரங்கு என்றதும் நமக்கு பட்மின்டனும் கராத்தேயும்தான் ஞாபகம் வரும். ஆனால் மழைக்கு நனையாத, வாசலை மூடக்கூடிய, ஆயிரக்கணக்கானோரை ஒன்றாக இருத்தக்கூடிய மண்டபம் யாருக்குத்தான் தேவைப்படாது?

கொழும்பின் சுகததாச உள்ளரங்கைப் பாருங்கள். மேயராகவும் பிறகு அமைச்சராகவும் இருந்த வி. ஏ. சுகததாசவின் பெயர் அதற்கு. போட்டிகளும் இசை நிகழ்ச்சிகளும் நடக்கிற அந்தக் கூரையின் கீழ்தான், 2019 ஆகஸ்ட் 11ஆம் திகதி பொதுஜன பெரமுன கோட்டாபய ராஜபக்ஷவை ஜனாதிபதி வேட்பாளராக அறிவித்தது. நவம்பரில் அவர் வென்றார். அடுத்த வருடமே, கொரோனாவைக் காரணம் காட்டி எங்கட ஜனாஸாக்களை எரித்தார்கள்.

சென்னை நேரு உள்ளரங்கில் 2022 ஜூலை 28இல் செஸ் ஒலிம்பியாட் தொடங்கிவைக்கப்பட்டது. அதே அரங்கில் சினிமாப் பாடல் வெளியீட்டு விழாக்களும் நடக்கின்றன.

இன்னும் தூரம் போனால், சிலி நாட்டுத் தலைநகர் சந்தியாகோவின் ‘எஸ்தாடியோ சிலே’. 1969இல் அந்த உள்ளரங்கில் நடந்த பாட்டு விழாவில் விக்டர் ஹாரா பரிசு வென்றார். 1973 செப்டம்பரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அதே அரங்கு சிறையானது. ஆயிரக்கணக்கானோரோடு ஹாராவையும் அடைத்து, சித்திரவதை செய்து கொன்றார்கள். 2003இல் அரங்குக்கு அவருடைய பெயரே வைக்கப்பட்டது.

கட்டிடம் ஒன்றுதான். சாவி யார் கையில் என்பதில்தான் எல்லாம் இருக்கு.

சரி, சவளக்கடையில இருக்கிற நமக்கு இதில என்ன? கல்முனையில் சந்தாங்கேணி மைதானம் இருக்கிறது, ஆனால் அது திறந்த வெளி. மாரி வந்தால் விளையாட்டு நின்றுவிடும். கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மூடினால் நாம் அங்கே போவதே பாடு. வெயிலிலும் ஊர்க் கண்களுக்கு முன்னாலும் ஓடத் தயங்கும் நம்மட பெண்பிள்ளைகளுக்கு நாலு சுவரும் கூரையும் பெரிய விசயம். வெள்ளத்திலோ சுனாமியிலோ வீடு இழந்தவர்களுக்கும் அதுவே தங்குமிடம். 2004இல் இந்தக் கரையில் பள்ளிக்கூடங்களும் பள்ளிவாசல்களும்தான் அந்த வேலையைச் செய்தன.

ஆகவே உள்ளரங்கு கேட்போம். கேட்கும்போதே இதையும் கேட்போம்: வாரத்தில் எந்த நாட்கள் பெண்பிள்ளைகளுக்கு? வாடகை எவ்வளவு? கட்சிக் கூட்டத்துக்காகப் பயிற்சியை நிறுத்துவார்களா? தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் உள்ளே போகலாமா? அடிக்கல் நடும் நாளிலேயே இதற்கான பதிலை எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.