எஞ்சிய வரம்பும் இளைப்பாற்றுப் பணமும்

பிரித்தானியாவில் வருமான வரி முதன்முதலாக விதிக்கப்பட்டது 1799 ஆம் ஆண்டிலாகும். பிரான்சுடன் நடந்த போரின் செலவைத் தாங்கும் பொருட்டு முதலமைச்சர் வில்லியம் பிற் கொண்டுவந்த அவ்வரி, ஆண்டுக்கு 200 பவுணுக்கு மேல் வருமானமுடையோரிடம் பத்திலொரு பங்கைக் கேட்டது. மக்கள் அதை வெறுத்தனர். ஆயினும் அந்தக் கடுமையான சட்டத்தினுள்ளேயே ஓர் இரக்கம் இருந்தது. ஆயுட் காப்புறுதிக்குக் கட்டிய பணத்தை ஒருவர் தம் வருமானத்திலிருந்து கழித்துக் கொள்ளலாம். நாளைக்கென்று இன்று ஒதுக்கி வைப்பவனிடம் அரசு சிறிது விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற கொள்கைக்கு அதுவே வித்து.

1816 இல் வரி நீக்கப்பட்டது. 1842 இல் சேர் றொபேட் பீல் அதனை மீண்டும் கொணர்ந்தார். 1853 இல் கிளாட்ஸ்ரன், காப்புறுதிச் சலுகையை வருமானத்தின் ஆறிலொரு பங்குக்கு மேற்படாமல் மீளக் கொடுத்தார். இளைப்பாற்றுச் சம்பள நிதிகளுக்கு உரிய இடம் கிடைத்தது 1921 ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தினால். நிதிக்குக் கட்டும் பணத்துக்கு வரியில்லை. நிதி ஈட்டும் வருவாய்க்கும் வரியில்லை. முதுமையிற் சம்பளமாகப் பெறும்போதே வரி.

இச்சலுகை சம்பளத்துக்கு வேலை செய்வோருக்கே பயன்பட்டது. கடைக்காரர், வழக்கறிஞர், தனித்தொழில் செய்யும் வைத்தியர் ஆகியோருக்கு அது எட்டவில்லை. அக்குறையை 1956 ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் ஓரளவு தீர்த்தது. சம்பாத்தியத்தில் பத்து வீதம், அதுவும் 750 பவுணுக்கு மேற்படாமல், அவர்கள் ஒதுக்கலாம் என்றாயிற்று.

இங்கேதான் ஒரு சிக்கல் தோன்றியது. வரிக்கு ஆண்டு என்பது ஏப்பிரல் 6 இல் தொடங்கி மறு ஏப்பிரல் 5 இல் முடிவது. தனித்தொழில் செய்பவனுடைய வாழ்க்கையோ அப்படி ஒழுங்காக நடப்பதில்லை. ஓராண்டு கடனை அடைக்கவே போதாது. மற்றோராண்டு கை நிறையும். கையில் பணமில்லாத ஆண்டின் சலுகை, ஆண்டு முடிந்ததும் கைநழுவிப் போவது முறையாகுமா? 1980 ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் அதற்கு விடையளித்தது. பயன்படுத்தாத சலுகையை ஆறு ஆண்டுகள் வரை முன்கொண்டு செல்லலாம் என்றது. வரிச் சட்டங்களிலே மனிதனுடைய வாழ்க்கையை அறிந்து எழுதப்பட்ட பகுதிகள் சில உண்டெனில், இது அவற்றுள் ஒன்று. இருபது ஆண்டுகளின் பின், 2001 இல், புதிய விதிகள் வந்தபோது இவ்வுரிமை பெரும்பாலும் எடுபட்டது.

2006 ஏப்பிரல் 6 இல் பழைய விதிகள் பலவும் ஒன்றாக்கப்பட்டு, 'ஆண்டு அலவன்ஸ்' என்ற ஒரே அளவு வகுக்கப்பட்டது. அலவன்ஸ் என்றவுடன் கையிற் கிடைக்கும் படிப்பணம் என்று எண்ணத் தோன்றும். அஃதன்று, வரிச் சலுகையுடன் ஓராண்டில் இளைப்பாற்று நிதியிற் சேரக்கூடிய தொகையின் வரம்பே அது. தொடக்கத்தில் 215,000 பவுணாக இருந்த அவ்வரம்பு மிகச் சிலரையே தொட்டது. அரசின் பணமுடை 2011 இல் அதனை 50,000 ஆகவும் 2014 இல் 40,000 ஆகவும் குறைத்தது. 2011 இற் குறைத்தபோதே, முந்திய மூன்று ஆண்டுகளில் எஞ்சிய வரம்பை எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற பழைய இரக்கமும் திரும்பி வந்தது. ஆறு, மூன்றாகச் சுருங்கி வந்தது என்க.

அதன் நடைமுறையை ஒரு கணக்கினாற் காணலாம். 2024–25 இல் வரம்பு 60,000 பவுண். ஒருவருக்காக அவரும் அவர் முதலாளியும் சேர்ந்து 85,000 கட்டினர் என்க. மிகை 25,000. 2021–22 இல் எஞ்சியது 10,000. அடுத்த ஆண்டில் 5,000. அதற்கடுத்த ஆண்டில் 10,000. நடப்பாண்டின் வரம்பு முதலிலும், பின்னர் மிகப் பழைய ஆண்டிலிருந்து முறையாகவும் கழிக்க, மிகை முழுவதும் தீர்ந்துவிடும். ஆனால் எஞ்சியிருந்த அந்த ஆண்டுகளில் அவர் ஏதேனும் ஓர் இளைப்பாற்றுத் திட்டத்தில் அங்கத்தவராய் இருந்திருக்க வேண்டும்.

வியப்பு யாதெனில், எஞ்சிய வரம்பை எழுதுவதற்கு வரி விபரத்திரட்டில் இடமே இல்லை. தாம் கட்டிய பணத்துக்கு மேல்வீத வரிச் சலுகை கோருபவர் அதனை ஓரிடத்தில் எழுதுவார். கழித்த பின்னும் மிகை நின்றால், மேலதிக விபரப் பக்கங்களில் அந்த மிகையை எழுதுவார். இடைப்பட்ட கழித்தற் கணக்கு முழுவதும் அவருடைய மேசை இழுப்பறையிலேயே இருக்கும். மேற்கூறியவர் 2021–22 ஆம் ஆண்டுக் கடிதத்தைத் தொலைத்து, அந்த 10,000 ஐ மறந்துவிட்டார் ஆயின், அத்தொகையைத் தாமே மிகையென்று எழுதி, நாற்பது வீத வரியாயின் 4,000 பவுண் கட்டுவார். இல்லாத எச்சத்தை இருப்பதாக எண்ணினாலோ, கட்டவேண்டியதைக் கட்டாது பின்னர் வட்டியும் தண்டமும் இறுக்க நேரும்.

இதிற் பெரிதும் இடர்ப்பட்டோர் வைத்தியர்கள். கொழும்பிலும் பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் பயின்று, பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையிற் பணிபுரிவோரும் அவர்களிற் சேர்வர். அச்சேவையின் திட்டத்தில், கட்டிய பணம் அன்று, வாக்களிக்கப்பட்ட ஆண்டுச் சம்பளத்தின் உயர்வே கணக்கிடப்படும். விலைவாசி ஏற்றத்துக்கு இடங்கொடுத்த பின், அவ்வுயர்வைப் பதினாறால் பெருக்குவர். பதவி உயர்வினால் இளைப்பாற்றுச் சம்பளம் 3,500 பவுண் கூடினால் 56,000 என்று வரும். வரம்பு 40,000 ஆக இருந்த காலத்தில், கையிற் காசு வராமலே அது கடந்துவிட்டது. 2016 முதல், 150,000 பவுணுக்கு மேற்பட்ட வருமானமுடையோரின் வரம்பு படிப்படியாக 10,000 வரை குறைக்கப்பட்டது. கூடுதலாக ஒரு நாள் வேலை செய்தால் வந்த ஊதியத்தை விட வரி மிகுதியாகலாம் என்ற நிலை சிலருக்கு நேர்ந்தது. அவர்கள் மேலதிக வேலையை மறுத்தனர். காத்திருந்தவர்கள் நோயாளிகள்.

2020 இல் வருமான எல்லை 240,000 ஆக உயர்த்தப்பட்டது. 2023 இல் நிதியமைச்சர் ஜெரெமி ஹன்ற் பொது வரம்பை 60,000 ஆக்கினார்; வாழ்நாள் முழுமைக்குமான மற்றொரு வரம்பு 2024 ஏப்பிரலில் ஒழிந்தது. மூன்றாண்டு விதி மாத்திரம் மாறவில்லை. 2021–22 இல் எஞ்சியது 2025 ஏப்பிரல் 5 இல் மறைந்தது. 2022–23 இல் எஞ்சியதற்கு 2026 ஏப்பிரல் 5 தவணை. அத்தவணையை நினைவூட்டி இறைவரித் திணைக்களத்திலிருந்து கடிதம் எதுவும் வருவதில்லை.